நல்ல கண்ணு எப்ப வேணா வெளிய போயிடும்: அரிய நாணய கம்பெனிகள் ஆள் பிடிக்கிறதும் தக்க வெச்சுக்கிறதும்

1913-னு தேதி போட்ட லிபர்ட்டி நிக்கல், அமெரிக்காவோட அஞ்சு சென்ட் காசு, தெரிஞ்ச வரைக்கும் உலகத்துல மொத்தமே அஞ்சுதான் இருக்கு. அதுல ஒன்னு ஜார்ஜ் வால்டன்ங்கிற, காசு சேக்குற கலெக்டர்கிட்ட இருந்துச்சு, 1962-ல ஒரு காயின் ஷோவுக்கு கார்ல போறப்ப விபத்துல அவர் இறந்துட்டார், அதுக்கப்புறம் அவரோட காசுகளுக்கு மதிப்பு போட்டவங்க இந்த ஒன்ன மட்டும் தேதி மாத்துன போலின்னு சொல்லி குடும்பத்துகிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க. நாப்பது வருஷம் சொந்தக்காரங்க வீட்டு அலமாரில கிடந்துச்சு. 2003-ல பால்டிமோர்ல நடந்த ஷோவுக்கு மத்த நாலும் காட்சிக்கு வந்திருந்தப்ப குடும்பத்துக்காரங்க இதையும் எடுத்துட்டு வந்தாங்க, ஆறு நிபுணர்கள் கதவ சாத்திட்டு ராத்திரியோட ராத்திரியா அஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து இது அசல்தான்னு ஒருமனசா சொன்னாங்க. 2013-ல ஏலத்துல அது போன விலை 31,72,500 டாலர்.

இடைப்பட்ட காலத்துல அந்தக் காசுல எதுவும் மாறல. பாத்த ஆளுங்க மாறுனாங்க, பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாக்குற வாய்ப்பு வந்துச்சு, அவ்வளவுதான். அரிய நாணய வியாபாரத்துல ஆள் எடுக்குறதப் பத்தி யோசிக்கணும்னா இங்க இருந்துதான் ஆரம்பிக்கணும். இந்தத் தொழில்ல கம்பெனியோட பெரிய சொத்து லாக்கர்ல இருக்குற காசு கிடையாது, காசு இன்னைக்கு வரும் நாளைக்கு வித்துப் போகும். சரியாப் பாத்துச் சொல்ற ஆளும், அந்த ஆள் சொன்னா நம்பலாம்னு வெளிய இருக்குற பேரும்தான் நிலையான சொத்து. ஆனா அந்த ஆளு சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போயிடுவான், மறுநாள் வரணும்னு கட்டாயம் இல்ல. நல்ல கண்ணும் கொஞ்சம் முதலும் இருந்தா அவனே தனியா கடை போட்டுக்கலாம். அப்ப அவன் ஏன் ஒரு கம்பெனில வேலை பாக்கணும்? இந்தத் தொழில்ல ஆள் எடுக்குற வழி, சம்பளம் குடுக்குற விதம், போடுற நிபந்தனைன்னு எதை எடுத்துப் பாத்தாலும் அடில இந்தக் கேள்விதான் இருக்கும்.

முதல்ல அந்தக் "கண்ணு"ன்னா என்னன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாத்துடலாம், ஏன்னா இது புரியாம சம்பளக் கணக்கு புரியாது. காசோட தரத்த 1-ல இருந்து 70 வரைக்கும் எண் போட்டுச் சொல்ற முறை வில்லியம் ஷெல்டன்ங்கிறவர் 1949-ல பழைய பெரிய சென்ட் காசுகளுக்காகக் கொண்டு வந்தது, பின்னாடி எல்லாக் காசுக்கும் பரவிடுச்சு. 60-ஓ அதுக்கு மேலயோ இருந்தா புழக்கத்துல தேயாத காசு, 58-ன்னா லேசா, ரொம்ப லேசாத் தேஞ்சது. கேக்க சின்ன வித்தியாசமாத் தெரியும். 1884-ல சான் ஃபிரான்சிஸ்கோ மின்ட்ல, அதாவது அரசாங்கம் காசு அடிக்கிற ஆலைல, அடிச்ச மோர்கன் டாலர்ங்கிற வெள்ளிக் காச எடுத்துக்கோங்க, 32 லட்சம் அடிச்சாங்க, தேஞ்ச காசு யாருக்கும் ஈசியாக் கிடைக்கும், விலையும் பெருசா இல்ல, ஆனா தேயாத காசு அபூர்வத்திலும் அபூர்வம், நல்ல தரத்துல ஒன்னு வந்தா விலை லட்சக்கணக்கான டாலருக்குப் போயிடும். அப்ப 58-க்கும் 62-க்கும் நடுவுல இருக்குற கோட்ட யாரு போடறாங்களோ அவங்க கைல எவ்வளவு பணம் நிக்குதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

அந்தக் கோட்ட எப்படிப் போடறாங்க? இருட்டு ரூம்ல ஒரே ஒரு விளக்கு. காச விளிம்புல பிடிச்சு வெளிச்சத்துக்குக் கீழ சாய்ச்சு சாய்ச்சுத் திருப்பறாங்க. தேயாத வெள்ளிக் காசுல வெளிச்சம் பட்டா ஒளி ஒரு சக்கரம் மாதிரி மேல சுத்தி வரும், அது எங்கயாவது அறுந்து நிக்குதான்னு பாக்கறாங்க. மோர்கன் டாலர்னா காதுக்கு மேல இருக்குற முடி, பின்பக்கம் கழுகோட நெஞ்சு, இந்த ரெண்டு மேடும்தான் முதல்ல தேயும். ஆனா அதே இடத்துல அச்சு அடிக்கிறப்பவே சரியா அழுத்தம் விழாம மழுங்கிப் போயிருக்கவும் வாய்ப்பிருக்கு, தேஞ்சதா அச்சு மழுங்கலான்னு பிரிச்சுச் சொல்றதுலதான் ஆளோட தரமே தெரியும். அப்புறம் யாராவது துணியால துடைச்ச மெல்லிய கீறல் இருக்கா, ஆசிட்ல முக்கி எடுத்தாங்களா, கீறல மறைக்க ஏதாவது பூசினாங்களா, மேல படிஞ்ச நிறம் தானா வந்ததா இல்ல யாராவது வர வெச்சதா. இத்தனையும் பழகுன கிரேடர், அதாவது தரம் போடற ஆளு, சில நொடில முடிச்சுட்டு அடுத்த காசுக்குப் போயிடுவாங்க.

போலி கண்டுபிடிக்கிறது இன்னொரு தனி வித்தை. 1893-ல சான் ஃபிரான்சிஸ்கோல அடிச்ச மோர்கன் டாலர் ஒரு லட்சம்தான், அதனால வேற மின்ட்ல அடிச்ச 1893 காசுல சான் ஃபிரான்சிஸ்கோவக் குறிக்கிற எஸ் எழுத்த ஒட்டி விக்கிறது ரொம்ப நாளா நடக்குது. அசல் காசு எல்லாம் ஒரே முகப்பு அச்சுல இருந்து வந்தது, அந்த அச்சுல லிபர்ட்டிங்கிற வார்த்தைல டி எழுத்துக்குள்ள சாய்வா ஒரு மெல்லிய மேட்டுக்கோடு இருக்கும். எல்லாரும் பின்பக்கம் எஸ் எழுத்தப் பாத்துட்டு இருக்கறப்ப தெரிஞ்ச ஆளு முன்பக்கம் டி எழுத்தப் பாப்பான். இந்த மாதிரி விஷயம் நூத்துக்கணக்குல மண்டைல இருக்கணும், அதுவும் தேடிப் பாத்து சொல்றதில்ல, பாத்த உடனே உறுத்தணும்.

இப்ப இதுக்கு எந்தக் காலேஜ்ல படிக்கிறது? புழக்கத்துல இருந்த நவீன காசுகளப் பொறுத்தவரை அப்படி ஒரு டிகிரியே கிடையாது. இந்தத் தொழில்ல பெரிய பேர் எடுத்தவங்க பெரும்பாலும் பள்ளிக்கூட வயசுலயே காசு சேக்க ஆரம்பிச்சவங்க. அமெரிக்கால இந்தத் துறையோட மூத்த பேருன்னா டேவிட் பவர்ஸ், அவர் 1953-ல டீன் ஏஜ் பையனா இருக்கறப்பவே வியாபாரம் ஆரம்பிச்சார், 1958-ல ஜேம்ஸ் ரட்டியோட சேந்து எம்பயர் காயின் கம்பெனிய நடத்தினார். இன்னைக்கும் நிலைமை பெருசா மாறல. அதனால கம்பெனிகள் ஆள் தேடுற இடம் வேலைவாய்ப்பு விளம்பரம் இல்ல, காயின் ஷோதான். ஜனவரில ஃப்ளோரிடால நடக்குற ஃபன் ஷோ, கோடைல அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்துற வேர்ல்ட்ஸ் ஃபேர் ஆஃப் மணி, இங்கெல்லாம் லென்ஸும் கையுமா டேபிள் டேபிளா சுத்துற பசங்கள டீலருங்க கவனிச்சுட்டே இருப்பாங்க. யாரு விலைய மட்டும் கேக்கறான், யாரு "இந்த அச்சுல விரிசல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அடிச்சதா இது"ன்னு கேக்கறான்னு அவங்களுக்குத் தெரியும். ரெண்டாவது மாதிரி கேக்குற பையன முதல்ல ஷோ நாள்ல டேபிளுக்கு உதவிக்குக் கூப்பிடுவாங்க, அப்புறம் லீவுல, அப்புறம் முழு நேரமா. இது ரொம்ப மெதுவான வழி, ஆனா ஆளோட அறிவு, பொறுமை, கை சுத்தம் மூணையும் ஒரே நேரத்துல பாத்துடலாம்.

அமெரிக்க நாணயவியல் சங்கம் 1891-ல ஆரம்பிச்சது, தலைமையகம் கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல இருக்கு. அங்க 1969-ல இருந்து கோடைக்கால வகுப்பு நடத்தறாங்க, தரம் போடறது, போலி கண்டுபிடிக்கிறது, அச்சு வகைகள்னு தனித்தனி கோர்ஸ், சின்ன வயசு பசங்களுக்கு ஸ்காலர்ஷிப்பும் உண்டு. பாடம் எடுக்குறவங்கள்ல நிறைய பேர் கிரேடிங் கம்பெனிலயும் ஏல கம்பெனிலயும் வேலை பாக்குறவங்க. எனக்குத் தெரிஞ்சு இந்தத் துறைல ஆள் எடுக்குறதுக்கு இதவிட நல்ல ஏற்பாடு வேற இல்ல. ஒரு வாரம் பக்கத்துல உக்காந்து ஒரு பையன் நூத்துக்கணக்கான காசுக்குத் தரம் போடறதப் பாத்தவருக்கு அவனோட பயோடேட்டாவே தேவையில்ல.

பழங்கால காசு, அதாவது கிரேக்க, ரோமானிய, இடைக்கால காசுங்கன்னா கதை வேற. அங்க லத்தீன், கிரேக்கம் தெரியணும், முக்கியமான புத்தகங்கள் பாதி ஜெர்மன்லயும் ஃபிரெஞ்சுலயும் இருக்கு, வரலாறு தெரியாம ஒரு வரி எழுத முடியாது. அதனால அந்தப் பக்கம் கம்பெனிகள் பல்கலைக்கழகத்துல இருந்து ஆள் எடுக்கறாங்க. நியூயார்க்ல அமெரிக்கன் நியூமிஸ்மாடிக் சொசைட்டின்னு 1858-ல ஆரம்பிச்ச அமைப்பு இருக்கு, 1952-ல இருந்து பட்ட மேற்படிப்பு மாணவங்களுக்கு கோடை செமினார் நடத்தறாங்க. தொல்லியல், செவ்வியல் மொழிகள்னு படிச்சுட்டு வர்றவங்களுக்கு பல்கலைக்கழக வேலையும் மியூசியம் வேலையும் ரொம்பக் கம்மி, அதனால சில பேர் வியாபாரப் பக்கம் வர்றாங்க.

வர்றவங்களுக்கு ஒரு பெரிய தயக்கம் இருக்கு, அது நியாயமான தயக்கம். பழங்கால காசுன்னா எங்க இருந்து தோண்டுனது, எப்ப எந்த நாட்ட விட்டு வெளிய வந்துச்சுங்கிற கேள்வி வரும். ஜூலியஸ் சீசரக் கொன்னதக் கொண்டாடி புரூட்டஸ் அடிச்ச தங்கக் காசு ஒன்னு 2020 அக்டோபர்ல லண்டன் ஏலத்துல 32 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு, அப்புறம் அதோட பூர்வீகத்துக்குப் பொய்யான ஆவணம் காட்டுனதா வழக்கு வந்து, 2023 ஜனவரில அந்த ஏல கம்பெனியோட தலைவர் நியூயார்க்ல கைது ஆனார், அதே வருஷம் மார்ச்ல காசு கிரீஸுக்குத் திரும்பிப் போச்சு. இந்த மாதிரி ஒன்னு நடந்தா அந்தக் கம்பெனில உக்காந்து நேர்மையா கேட்டலாக் எழுதிட்டு இருந்த இளம் ஆய்வாளரோட பேரும் சேந்து அடிபடும், திரும்ப ஆராய்ச்சிப் பக்கம் போறதும் கஷ்டம் ஆகும். அதனால பூர்வீக ஆவணத்துல கறாரா இருக்குற கம்பெனிக்குத்தான் நல்ல படிப்பாளி துணிஞ்சு வருவாங்க. சுத்தமா இருக்கறத வெறும் சட்டச் செலவாப் பாக்குற கம்பெனிங்களுக்கு இது புரியறதில்ல, ஆனா ஆள் எடுக்குறதுல ஒரு கம்பெனிக்கு இருக்குற பெரிய பலமே அந்தச் சுத்தம்தான்.

இண்டர்வியூன்னு பாத்தா கேள்வி பதில் கொஞ்சம்தான் இருக்கும். ஒரு ட்ரேல காசுங்கள அடுக்கி முன்னாடி வெச்சுடுவாங்க, அதுல போலியும் கலந்திருக்கும், துடைச்சதும் இருக்கும், பாக்க மோசமா இருந்தாலும் அசலான நல்ல காசும் இருக்கும். ஒவ்வொன்னையும் பாத்து எழுதணும். எத்தன சரின்னு பாக்கறது ஒரு பக்கம், தப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கறது இன்னொரு பக்கம். எப்பவுமே கொஞ்சம் தாராளமா தரம் போடற ஆளத் திருத்தலாம், எப்பவுமே கொஞ்சம் கறாரா போடறவரையும் திருத்தலாம், ஒரு நாள் அப்படி ஒரு நாள் இப்படின்னு போடறவங்களத்தான் திருத்தவே முடியாது. இதுல இன்னொன்னும் கவனிப்பாங்க, தெரியாத காச தெரியலன்னு எழுதறாங்களான்னு. ஊகத்துல அடிச்சு விடற பழக்கம் இருக்குறவன எடுத்தா ஒரு நாள் கம்பெனிக்கு லட்சக்கணக்குல நஷ்டம் வரும்.

நம்பிக்கை விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிடறேன். சட்டைப் பைல போட்டா தெரியாத அளவு ஒரு பொருள் வீட்டு விலைக்குப் போற தொழில் இது. பின்னணி விசாரணை, இன்சூரன்ஸ் கம்பெனியோட நிபந்தனை, லாக்கர ரெண்டு பேர் சேந்துதான் திறக்கணும்ங்கிற விதி, கேமரா எல்லாம் உண்டு. இதவிட முக்கியம் இது ரொம்பச் சின்ன உலகம்ங்கிறதுதான், ஒரு ஆளப் பத்தி ரெண்டு ஃபோன் போட்டா முழு ஜாதகமும் வந்துடும். அமெரிக்கால புரொஃபஷனல் நியூமிஸ்மாடிஸ்ட்ஸ் கில்டுன்னு டீலருங்க அமைப்பு இருக்கு, உறுப்பினர்கள் நடத்தை விதிக்குக் கட்டுப்படணும், தகராறு வந்தா நடுவர் தீர்ப்ப ஏத்துக்கணும். சர்வதேச அளவுல ஐஏபிஎன்ங்கிற சங்கம் 1951-ல ஜெனிவால ஆரம்பிச்சது. ஒரு தடவ பேர் கெட்டா அடுத்த கம்பெனில வேலை கிடைக்காது, அந்த பயம் கேமராவ விட நல்லா வேலை செய்யும்.

ஆனா நம்பிக்கைல ஒரு நுணுக்கமான சிக்கல் இருக்கு, அது திருட்டு இல்ல. இந்த வேலைக்கு வர்றவங்க எல்லாருமே கலெக்டர்ஸ். ஆசை இல்லாதவனுக்கு கண்ணு வராது, ஆசை இருக்குறவன் கடைக்கு வர்ற நல்ல காச தனக்குன்னு நினைப்பான். ஒரு பாட்டி பழைய பெட்டியோட வந்து நிக்கறாங்க, உள்ள ஒரு நல்ல காசு இருக்கு, கவுண்டர்ல இருக்குற பையனுக்கு அது அபூர்வ அச்சுன்னு தெரியுது, அவங்களுக்குத் தெரியல. அந்த நிமிஷத்துல அவன் யாருக்காக வேலை பாக்கறான்? நல்ல கம்பெனிங்க இத எழுத்துல தெளிவா வெச்சிருப்பாங்க, சொந்த கலெக்ஷன் என்னன்னு முன்கூட்டியே சொல்லணும், வாங்கறதா இருந்தா கம்பெனிக்கு முதல்ல காட்டணும், வாடிக்கையாளரோட போட்டி போட்டு ஏலம் கேக்கக் கூடாது, இப்படி. சேக்கவே கூடாதுன்னு தடை போட்டா நல்ல ஆளு வர மாட்டான், ஒன்னுமே கேக்கலன்னா நல்ல வாடிக்கையாளர் வர மாட்டாங்க.

கிரேடிங் கம்பெனிங்க இதுல இன்னும் ஒரு படி மேல போயாகணும். பிசிஜிஎஸ் 1986-ல காசுக்குத் தரம் போட்டு பிளாஸ்டிக் டப்பால சீல் வெச்சுக் குடுக்குற வேலைய ஆரம்பிச்சது, 1987-ல என்ஜிசி வந்துச்சு. என்ஜிசி தன் கிரேடருங்க காசு வியாபாரம் பண்ணக் கூடாதுன்னே விதி வெச்சிருக்கு. வேற வழியே இல்ல, தான் வாங்குன காசுக்கு தானே 65 போட்டா யாரு நம்புவா. ஆனா அந்த ஆளோட பக்கம் இருந்து பாருங்க, அவனோட திறமைக்கு அதிக காசு கிடைக்கிற ஒரே வழியக் கம்பெனி அடைச்சுடுது. வெளிய இருக்குற டீலர் என்ன பண்றான், 64-ன்னு டப்பால இருக்குற காசப் பாத்து இது 65 தாங்கும்னு தோணுனா வாங்கி டப்பாவ உடைச்சு திரும்ப அனுப்பறான், 65 வந்துட்டா சில காசுல விலை ரெண்டு மூணு மடங்கு. இத மட்டுமே பொழப்பா வெச்சிருக்குறவங்க இருக்காங்க. கிரேடருக்கு அதே கண்ணு இருக்கு, சொல்லப்போனா இன்னும் கூர்மையா இருக்கு, அவன் மாசச் சம்பளத்துக்கு உக்காந்திருக்கான். அதனால அவனுக்கு அந்தத் தியாகத்துக்கு ஈடா சம்பளம் குடுத்தாகணும், இல்லன்னா கொஞ்ச வருஷத்துல எல்லாத்தையும் கத்துக்கிட்டு டேபிளுக்கு அந்தப் பக்கம் போயிடுவான்.

வெளிய போற ஆளு சும்மா போறதில்ல, சில சமயம் போட்டிக் கம்பெனியா திரும்பி வர்றான். ஜான் அல்பனீஸ்ங்கிறவரோட கதையே இதுக்குப் போதும். பிசிஜிஎஸ் ஆரம்பிச்ச டீலருங்கள்ல அவரும் ஒருத்தர், அடுத்த வருஷமே வெளிய வந்து என்ஜிசிய ஆரம்பிச்சார், 2007-ல சிஏசின்னு ஒன்னு ஆரம்பிச்சு இந்த ரெண்டு கம்பெனியும் தரம் போட்ட காசுலயே நல்லதத் தேர்ந்தெடுத்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டுனார், அந்த ஸ்டிக்கருக்கே சந்தைல தனி விலை வந்துச்சு. 2023-ல சிஏசி கிரேடிங்னு தனியா தரம் போடற கம்பெனியும் வர்ஜீனியா பீச்ல வந்துடுச்சு. ஒரு மனுஷனோட கண்ணு மேல சந்தை வெச்ச நம்பிக்கைதான் இத்தன கம்பெனிக்கும் அஸ்திவாரம். புதுசா ஒரு கிரேடிங் கம்பெனி வந்தா அனுபவமான கிரேடருங்க வானத்துல இருந்து வர மாட்டாங்க, ஏற்கெனவே இருக்குற சின்னக் கூட்டத்துல இருந்துதான் எடுத்தாகணும், அப்ப எல்லாக் கம்பெனிலயும் சம்பளப் பேச்சு திரும்ப ஆரம்பிக்கும்.

இதுக்கு நடுவுல பெரிய பணமும் உள்ள வந்துடுச்சு. பிசிஜிஎஸ்ஸோட தாய் கம்பெனி கலெக்டர்ஸ் யுனிவர்ஸ 2021 ஆரம்பத்துல ஒரு முதலீட்டாளர் குழு சுமார் 85 கோடி டாலருக்கு வாங்குச்சு, அதே வருஷம் என்ஜிசியோட தாய் கம்பெனில பெரும்பான்மைப் பங்க பிளாக்ஸ்டோன் எடுத்துச்சு. கொரோனா நேரத்துல வீட்டுல அடைஞ்சு கிடந்த ஜனங்க சேகரிப்புப் பக்கம் திரும்ப, தரம் போட வந்த காசும் சேகரிக்கிற விளையாட்டு கார்டும் மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. பணம் இருந்துச்சு, மெஷின் வாங்கலாம், கட்டடம் வாங்கலாம், ஆனா பதினஞ்சு வருஷ அனுபவம் உள்ள கிரேடர அவசரத்துக்கு உருவாக்க முடியாது. பொதுவா ஒரு காச ரெண்டு மூணு பேர் ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாம பாக்கணும், கடைசியா ஒரு மூத்தவர் முடிவு பண்ணணும், அந்த மூத்தவரு எண்ணிக்கைதான் மொத்த கம்பெனியோட வேகத்த நிர்ணயிக்குது. அவங்கள அதிக நேரம் வேலை வாங்குனா கண்ணு சோர்ந்து தரம் ஆடும், தரம் ஆடுனா பேர் போகும். அதனால வேலை நேரத்தக் கட்டுப்படுத்தறது, இடைவேளை, வெவ்வேற வகை காசுங்கள மாத்தி மாத்திக் குடுக்கறது, இதெல்லாம் சலுகைன்னு நினைக்கிற மேனேஜ்மென்ட் ரொம்ப நாள் தாங்காது.

ஏல கம்பெனிங்க பக்கம் வேற மாதிரி பிரச்சினை. அங்க ரெண்டு வகை ஆளு முக்கியம். ஒருத்தர் கலெக்ஷன வித்துத் தரச் சொல்லி கம்பெனிக்குக் கொண்டு வர்றவர், இன்னொருத்தர் அத உக்காந்து கேட்டலாக் எழுதறவர். முதல் ஆளுக்கு கமிஷன் உண்டு, பெரிய கலெக்ஷன் ஒன்னு பிடிச்சா நல்லா சம்பாதிப்பாங்க. ரெண்டாவது ஆளுக்குப் பெரும்பாலும் சம்பளம்தான். எனக்கு இது சரியாப் படல. ஒரு காசுக்கு நாலு பாரா எழுதறதுக்குப் பின்னாடி என்ன வேலை இருக்குன்னு பாருங்க. முதல்ல எந்த முகப்பு அச்சும் எந்தப் பின்பக்க அச்சும் சேந்த ஜோடின்னு கண்டுபிடிக்கணும், பழைய சென்ட்டுன்னா ஷெல்டன் எண் (முன்னாடி சொன்ன தர எண் இல்ல, அச்சு ஜோடிக்கான எண்), பழைய அரை டாலர்னா ஓவர்டன் எண், மோர்கன்னா வாம் எண். அப்புறம் இந்தக் காசு இதுக்கு முன்னாடி யாருகிட்ட இருந்துச்சுன்னு தேடணும், அதுக்கு நூறு வருஷத்துக்கு முந்தின ஏல கேட்டலாக்ல இருக்குற மங்கலான ஃபோட்டோவ எடுத்து, இடது பக்க ஓரத்துல இருக்குற ஒரு சின்னக் கீறல், தேதிக்குக் கீழ ஒரு புள்ளின்னு ஒப்பிட்டுப் பாக்கணும். எலியாஸ்பெர்க் மாதிரி பேர் போன கலெக்ஷன்ல இருந்ததுன்னு நிரூபிச்சுட்டா விலையே வேற. அந்த வித்தியாசத்த உருவாக்குனது கேட்டலாகர், பலன் போறது இன்னொருத்தருக்கு. இந்த ஆளுங்க கம்பெனிய விட்டுப் போறப்ப ஏன் போறாங்கன்னு மேலிடத்துக்கு ஆச்சரியம் வர்றதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு.

சரி, அப்படியும் நிறைய பேர் இருக்காங்களே, எதுக்காக இருக்காங்க? பெரிய காரணம், பாக்கக் கிடைக்கிற காசு. ப்ரென்ட் போக்ங்கிறவரோட கலெக்ஷன 2015-ல இருந்து ஸ்டாக்ஸ் பவர்ஸ், சோத்பீஸ்ங்கிற ஏல கம்பெனிங்க சேந்து பல பகுதியா வித்தாங்க, மொத்தம் பத்து கோடி டாலரத் தாண்டுச்சு. அதுல இருந்த 1822 தங்க அஞ்சு டாலர் மாதிரி காசு தனியார் கைல அது ஒன்னுதான், 2021-ல 84 லட்சம் டாலருக்குப் போச்சு. எவ்வளவு பெரிய தனி டீலரா இருந்தாலும் அந்த மாதிரி காச கைல எடுத்து விளக்குக்குக் கீழ சாய்ச்சுப் பாக்குற வாய்ப்பு வாழ்நாள்ல கிடைக்கறது சந்தேகம், கம்பெனில இருக்குற கேட்டலாகருக்கு அது வேலை. காசப் பிடிச்சுப் பாக்கறதுக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவங்களுக்கு இத ஈடு கட்ட சம்பளத்தால முடியாது. நல்ல கம்பெனிங்க இதப் புரிஞ்சு வெச்சிருக்காங்க, முக்கியமான கலெக்ஷன் வந்தா சின்னவங்களையும் கூட்டிட்டுப் போய் காட்டறாங்க, கேட்டலாக்ல எழுதுனவங்க பேரப் போடறாங்க, கண்டுபிடிச்சத கட்டுரையா எழுத விடறாங்க. செலவே இல்லாத விஷயம் இது, ஆனா நிறைய கம்பெனி எழுதுனவன் பேர மறைச்சு வெச்சா போட்டியாளர் தூக்கிட்டுப் போக மாட்டாங்கன்னு நினைக்கறாங்க. இவ்வளவு சின்ன உலகத்துல யாரு எழுதுனதுன்னு எல்லாருக்கும் எப்படியும் தெரியும், பேர் போடலங்கிற வருத்தம் மட்டும்தான் மிச்சம்.

இன்னொரு காரணம் முதலீட்டுப் பணம். தனியா இருக்குறவனுக்கு கண்ணு இருக்கும், ஆனா பத்து லட்சம் டாலர் கலெக்ஷன் ஒன்னு நாளைக்குள்ள முடிவு பண்ணணும்னு வந்தா பணம் இருக்காது. கம்பெனில இருக்குற வாங்கற ஆளுக்கு அந்தப் பணம் பின்னாடி நிக்குது. நல்ல டீலர் கம்பெனிங்க அவனுக்கு அடிப்படைச் சம்பளம் குடுத்து, அவன் வாங்கி வித்ததுல வர்ற லாபத்துல பங்கும் குடுக்கறாங்க. அமெரிக்கால மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடதான் வருது, குடும்பம் குழந்தைன்னு ஆனவங்களுக்கு அதுவே பெரிய கட்டு.

காகிதத்துல கட்டிப் போடற வழியும் உண்டு, வேலைய விட்டா இத்தன வருஷத்துக்குப் போட்டித் தொழில் பண்ணக் கூடாதுன்னு ஒப்பந்தம். ஆனா இது எந்த மாநிலத்துல இருக்கீங்கங்கிறதப் பொறுத்தது. கலிஃபோர்னியால அந்த மாதிரி ஒப்பந்தம் செல்லாது, பிசிஜிஎஸ்ஸும் ஸ்டாக்ஸ் பவர்ஸும் அங்கதான் இருக்காங்க. ஹெரிட்டேஜ்ங்கிற ஏல கம்பெனி இருக்குற டெக்சாஸ்ல நியாயமான அளவுல இருந்தா செல்லும். நாடு முழுக்க இத ஒழிக்கிறதுக்கு 2024-ல மத்திய வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டு வந்துச்சு, அமலுக்கு வர்றதுக்குள்ள டெக்சாஸ் கோர்ட்டு ஒன்னு அத ரத்து பண்ணிடுச்சு. எப்படி இருந்தாலும் வாடிக்கையாளர் போன் நம்பர மறக்கச் சொல்ல எந்த ஒப்பந்தத்தாலயும் முடியாது. இருபது வருஷமா ஒருத்தர் சொல்லி காசு வாங்குன கலெக்டர், அவரு எங்க போனாலும் கூடவே போவார்.

குடும்பக் கம்பெனிங்கள்ல இன்னொரு சங்கடம். 1933-ல நியூயார்க்ல ஸ்டாக்ஸ்ங்கிற காசு வியாபாரக் கடைய ஆரம்பிச்சது அண்ணன் தம்பி ரெண்டு பேர், அடுத்த தலைமுறையும் அதே தொழில். இந்தத் துறைல இப்படிக் குடும்பமா நடந்த கடைங்க ஏராளம், பிள்ளைங்களுக்கு சின்ன வயசுலயே கண்ணு பழகிடும், அது பெரிய பலம். ஆனா வெளில இருந்து வந்த திறமைசாலி முப்பது வருஷம் உழைச்சாலும் முதலாளி ஆக முடியாதுன்னு தெரிஞ்சா முப்பத்தஞ்சு வயசுல கிளம்பிடுவான். பங்கு குடுக்குற கம்பெனி இதுல ஜெயிக்குது. பங்கு குடுக்கத் தயங்குற முதலாளிக்கு கடைசில வாரிசும் வரலன்னா சரக்க ஏலம் விட்டு கடைய மூடறதத் தவிர வழி இல்லாமப் போகுது.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி, கம்ப்யூட்டர் தரம் போட ஆரம்பிச்சா இந்த ஆளுங்கல்லாம் எதுக்குன்னு. இது புதுக் கேள்வி இல்ல, பிசிஜிஎஸ் 1990-லயே எக்ஸ்பர்ட்ங்கிற பேர்ல மோர்கன் டாலருக்குத் தரம் போடற கம்ப்யூட்டர் சிஸ்டத்தக் காட்டுச்சு, அது நிலைக்கல. இப்ப கேமராவும் சாஃப்ட்வேரும் எங்கயோ போயிடுச்சு, 2021-ல கலெக்டர்ஸ் யுனிவர்ஸ் ஜெனமின்ட்ங்கிற படம் பாத்து தரம் போடற தொழில்நுட்பக் கம்பெனிய வாங்கியிருக்காங்க. ஏற்கெனவே வந்த காசு திரும்ப வேற டப்பால வருதான்னு கண்டுபிடிக்க, பூசி மறைச்சத கவனிக்க, மெஷின் நல்லாவே உதவும். அழகா இருக்கா, நிறம் இயற்கையா வந்ததாங்கிறதுல மூத்தவங்க கண்ணு இன்னும் ரொம்ப நாளைக்குத் தேவைப்படும்னுதான் நினைக்கிறேன்.

என் கவலை மூத்தவங்களப் பத்தி இல்ல. மின்ட்ல இருந்து நேரா பெட்டி பெட்டியா வர்ற புதுக் காசுங்க, சில்வர் ஈகிள் மாதிரி, ஒவ்வொன்னும் 69-ஆ 70-ஆன்னு மட்டும் பாக்கணும், போரடிக்கிற வேலை, மெஷினுக்கு முதல்ல போறது இதுவாத்தான் இருக்கும். ஆனா புதுசா வேலைக்குச் சேந்த பையன் கண்ணப் பழக்குறது அங்கதான். பத்தாயிரம் காசு கைல போனதுக்கு அப்புறம்தான் எது சாதாரணம்னு மூளைக்குப் பதியும், சாதாரணம் பதிஞ்சாத்தான் அசாதாரணம் உறுத்தும். அந்தக் கீழ்ப்படிய எடுத்துட்டா கம்பெனிங்க பயிற்சிக்குன்னு தனியா செலவு பண்ணியாகணும், தரம் உறுதியான மாதிரி காசுங்கள வாங்கி வெச்சு, போலிகளச் சேத்து வெச்சு, சம்பளம் குடுத்து ரெண்டு மூணு வருஷம் ஒரு பையன உக்கார வெச்சு மூத்தவர் பக்கத்துல பாக்க விடணும். பழக்குனதுக்கு அப்புறம் அவன் போயிடுவானேன்னு கணக்குப் பாக்குற கம்பெனிங்கதான் இன்னைக்கு அதிகம், அதே கம்பெனிங்கதான் அனுபவசாலி கிடைக்கலன்னு ஒவ்வொரு ஷோலயும் பக்கத்து டேபிள் ஆளுகிட்ட ரகசியமா சம்பளம் பேசிட்டு இருக்காங்க.